நான்காண்டுக் கணக்கும் ஓராண்டு ஊக்கத்தொகையும்: இங்கிலாந்து ரக்பி சங்கத்தில் உறுப்பினர்கள் கவனிக்க வேண்டியவை

உறுப்பினர்களுக்குச் சொந்தமான அமைப்புகளின் கணக்குகளைத் தணிக்கை செய்பவர்கள் ஆண்டறிக்கையைப் பின்பக்கத்திலிருந்து படிக்கத் தொடங்குவார்கள். தலைவரின் முன்னுரை அமைப்பு எதைச் சொல்ல விரும்புகிறது என்பதைக் காட்டும். கணக்குக் குறிப்புகளோ, சொல்லியே ஆக வேண்டியது எது என்பதைக் காட்டும். கழகங்களை உறுப்பினர்களாகக் கொண்ட, 1871இல் தொடங்கப்பட்ட இங்கிலாந்தின் ரக்பி கால்பந்துச் சங்கம், 2024 ஜூனில் முடிந்த நிதியாண்டுக்கு வெளியிட்ட அறிக்கை இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அந்த ஆண்டின் செயல்பாட்டு இழப்பு 3.79 கோடி பவுண்டு; சங்கத்தின் வரலாற்றில் அதுவே மிகப் பெரியது. அதே அறிக்கையின் ஊதியக் குறிப்பு, தலைமைச் செயல் அலுவலர் பில் ஸ்வீனி ஊக்கத்தொகையையும் சேர்த்து ஏறத்தாழ 11 லட்சம் பவுண்டு பெற்றதைத் தெரிவித்தது. நாற்பதுக்கும் மேற்பட்ட ஊழியர்கள் வேலையிழந்த காலத்தில் இவ்விரண்டு எண்களும் ஒன்றாக வெளிவந்ததால், அடிமட்டக் கழகங்களில் கோபம் எழுந்ததில் வியப்பில்லை.

கோபத்தை ஒதுக்கிவிட்டு இழப்பை மட்டும் முதலில் பார்ப்போம். தேசிய ரக்பி சங்கத்தின் வருமானம் ஆண்டுக்காண்டு சீராக வருவதில்லை. உலகக் கோப்பையை ஒட்டி நான்காண்டுச் சுழற்சியில் ஏறி இறங்குகிறது. இலையுதிர்காலத்தில் சங்கத்தின் சொந்த அரங்கான லண்டன் டுவிக்கன்ஹாமில் நடக்கும் சர்வதேச ஆட்டங்களின் நுழைவுச் சீட்டு, விருந்தோம்பல், ஒளிபரப்பு ஆகியவை சங்கத்தின் முதன்மை வருவாய் வழிகள். உலகக் கோப்பை நடக்கும் ஆண்டில் அந்தத் தொடரே இருக்காது. 2022-23இல் இங்கிலாந்து ஆண்கள் அணி இலையுதிர்காலத்தில் நான்கு ஆட்டங்களையும், ஐரோப்பிய அணிகள் ஆண்டுதோறும் மோதும் ஆறு நாடுகள் போட்டியில் மூன்று ஆட்டங்களையும் சொந்த மைதானத்தில் ஆடியது. அடுத்த நிதியாண்டில் கிடைத்தவை உலகக் கோப்பைக்கு முந்தைய இரண்டு ஆயத்த ஆட்டங்களும் ஆறு நாடுகள் போட்டியின் இரண்டு ஆட்டங்களும் மட்டுமே. ஏறத்தாழ 82,000 பேர் அமரும் அரங்கு பல மாதங்கள் பெரிய ஆட்டமின்றி இருக்கும்போது செலவு மட்டும் குறைவதில்லை. ஆகவே இது எதிர்பார்த்த இழப்பே, சங்கத்துக்குக் கடன் எதுவும் இல்லை என்று நிர்வாகம் தந்த விளக்கம் அடிப்படையில் சரியானது. ஓராண்டு இழப்பை மட்டும் காட்டிச் சங்கம் திவாலாகப் போகிறது என்று எழுதியவர்கள் இந்தச் சுழற்சியைக் கவனிக்கவில்லை.

எனினும், சுழற்சி என்ற விளக்கம் ஒரு பொறுப்பையும் சுமத்துகிறது. நான்காண்டு இழப்பையும் உபரியையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லும் அமைப்பு, அந்த நான்காண்டுகளுக்கான இலக்கைத் தொடக்கத்திலேயே உறுப்பினர்கள் முன் வைத்திருக்க வேண்டும். என் பணியில் அடிக்கடி காணும் குறை இதுதான்: இழப்பு நேர்ந்த பிறகு அது திட்டமிடப்பட்டது என்று சொல்வார்கள்; திட்டமிட்ட தாளைக் கேட்டால், நிர்வாகக் குழுவின் உள்சுற்று ஆவணம் ஒன்றுதான் கிடைக்கும்.

ஊக்கத்தொகையையும் இதே அளவுகோலால் அளக்க வேண்டும். பெருந்தொற்றுக் காலத்தில் ஊதியக் குறைப்பை ஏற்ற மூத்த நிர்வாகிகளைத் தக்கவைத்துக்கொள்ளவே நீண்டகால ஊக்கத்தொகைத் திட்டம் வகுக்கப்பட்டது என்பது சங்கத்தின் விளக்கம். அதன்படி ஆறு பேருக்குச் சுமார் 13 லட்சம் பவுண்டு வழங்கப்பட்டது, அதில் 3.58 லட்சம் ஸ்வீனிக்கு. நெருக்கடி வேளையில் அத்தகைய திட்டம் தவறென்று சொல்ல மாட்டேன். இடைப்பட்ட ஆண்டுகளில் சூழல் எவ்வளவு மாறியது என்பதைப் பாருங்கள்: 2022இல் வூஸ்டரும் வாஸ்ப்ஸும், 2023இல் லண்டன் ஐரிஷும் நொடித்துப்போய் உயர்மட்டத் தொடரிலிருந்து வெளியேறின. மூன்று தொழில்முறைக் கழகங்கள் வீழ்ந்த பிறகும் பழைய இலக்குகளை அப்படியே வைத்திருப்பதா என்று ஊதியக் குழு தன்னைத்தானே கேட்டிருக்க வேண்டும். தொகையின் அளவைவிட இந்தக் கேள்விதான் நிர்வாகத்தின் தரத்தைக் காட்டுகிறது என்பது என் கருத்து.

அதன் பின் நிகழ்ந்தவை வேகமாக நிகழ்ந்தன. தலைவர் டாம் இலூபே 2024 டிசம்பரில் பதவி விலக, பில் பியூமான்ட் இடைக்காலத் தலைவரானார். ஊக்கத்தொகை வழங்கப்பட்ட விதத்தை ஆராயும் பொறுப்பு ஃபிரெஷ்ஃபீல்ட்ஸ் சட்ட நிறுவனத்திடம் ஒப்படைக்கப்பட்டது. நூற்றுக்கும் மேற்பட்ட உறுப்பினர்கள் கையெழுத்திட்டுக் கேட்டதால் 2025 மார்ச் 27 அன்று சிறப்புப் பொதுக்கூட்டம் கூடியது. ஸ்வீனி மீதான நம்பிக்கையில்லாத் தீர்மானத்துக்கு ஆதரவாக 206 வாக்குகளும் எதிராக 466 வாக்குகளும் விழ, தீர்மானம் தோற்றது. முடிவு எதுவாயினும், தலைமையைப் பொதுவில் பதில் சொல்ல வைக்கும் அதிகாரம் உறுப்பினர்களிடம் உயிரோடு இருந்ததே என்னைப் பொறுத்தவரை முக்கியம்.

இதே சுழற்சியைக் கடனோடு கடக்க நேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு ஆஸ்திரேலியா சான்று. அந்நாட்டு ரக்பி அமைப்பு 2023இல் 8 கோடி ஆஸ்திரேலிய டாலர் வரையிலான கடன் வசதியை ஏற்பாடு செய்தது, 2024இல் 3.68 கோடி டாலர் பற்றாக்குறை கண்டது. 2025இல், பிரிட்டன், அயர்லாந்து வீரர்களின் கூட்டணியான லயன்ஸ் அணியின் சுற்றுப்பயணம் தந்த வருவாய்க்குப் பிறகே கடனைத் தீர்த்தது. ஒரு நாட்டுக்குப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை வரும் அந்தச் சுற்றுப்பயணத்தை நம்பி அன்றாடச் செலவை நடத்தும் நிலை எந்தச் சங்கத்துக்கும் பாதுகாப்பானதன்று.

இங்கிலாந்திலும் ஒருமுறை மட்டுமே வரும் பணம் உண்டு. ஆறு நாடுகள் போட்டியின் வணிக உரிமையில் ஏழில் ஒரு பங்கை 2021இல் சிவிசி என்ற முதலீட்டு நிறுவனம் 36.5 கோடி பவுண்டு வரையிலான தொகைக்கு வாங்கியது. அந்தத் தொகை பங்கேற்கும் சங்கங்களுக்குத் தவணைகளாகப் பிரித்துத் தர ஒப்புக்கொள்ளப்பட்டது. கணக்கில் அது வரவாகத் தெரியும். உண்மையில் அது எதிர்கால வருமானத்தின் ஒரு பகுதியை விற்றுப் பெற்ற பணம். விதைநெல்லை விற்ற காசை விளைச்சல் வரவோடு சேர்த்து எழுதக் கூடாது.

ஆகவே, ஆண்டுப் பொதுக்கூட்டத்துக்குச் செல்லும் கழகப் பிரதிநிதிகள் ஒரே ஓர் அறிக்கையோடு செல்ல வேண்டாம். நான்கு அறிக்கைகளை அருகருகே வைத்து, ஒருமுறை வரவுகளைக் கழித்துவிட்டு, மிஞ்சும் எண்ணைப் பாருங்கள். சேம இருப்பு எந்த அளவுக்குக் கீழே இறங்கினால் செலவு நிறுத்தப்படும் என்று எழுத்தில் கேளுங்கள். தொழில்முறைக் கழகங்களோடு செய்துகொண்ட எட்டாண்டு ஒப்பந்தத்தின்படி வருமானம் குறைந்த ஆண்டிலும் கொடுத்தாக வேண்டிய தொகை எவ்வளவு என்பதையும், அதன் பிறகு அடிமட்ட ஆட்டத்துக்கு எஞ்சுவது எவ்வளவு என்பதையும் கேளுங்கள். 2027 உலகக் கோப்பைக்கான மெலிந்த ஆண்டு நெருங்குவதற்கு முன்பே, நிர்வாகிகளுக்கு இப்போது நடப்பிலுள்ள ஊக்கத்தொகைத் திட்டம் என்ன, அதன் இலக்குகள் எவை, சூழல் மாறினால் தொகையைக் குறைக்கவோ திரும்பப் பெறவோ ஊதியக் குழுவுக்கு அதிகாரம் உண்டா என்பவற்றுக்கு விடை பெற்று, அதைக் கூட்டக் குறிப்பில் பதிவுசெய்யச் சொல்லுங்கள்.