0-60 நேரம் குறைந்தால் இன்ஜின் பலம் கூடிவிட்டதா?

ஸ்போர்ட்ஸ் காரில் புதுத் தலைமுறை வந்ததும் எல்லாரும் முதலில் பார்ப்பது, நின்ற இடத்திலிருந்து மணிக்கு 60 மைல் வேகத்தைத் தொட எத்தனை நொடி என்பதைத்தான். சோதனை ஓட்டங்களின் டேட்டாவை அலசுவது என் வேலை. அந்த ஒரு எண்ணை நம்பிப் பழைய காரைக் கொடுத்துவிட்டுப் புதியதை எடுத்து, "ஹைவேயில் ஓவர்டேக் பண்ணும்போது பெருசா வித்தியாசமே தெரியலையே" என்று கேட்பவர்கள் நிறைய.

ஷெவர்லே கார்வெட்டை எடுத்துக்கொள்வோம். இசட்51 பேக்கேஜுடன் (வேகத்துக்காகக் கூடுதலாக வாங்கும் தொகுப்பு) 2014-இல் வந்த ஏழாம் தலைமுறைக்கு 3.8 நொடி, 2020-இன் எட்டாம் தலைமுறைக்கு 2.9. இரண்டும் கம்பெனியே சொன்னவை. கிட்டத்தட்ட கால்வாசி நேரம் மிச்சம்! ஆனால் குதிரைத்திறன் 460-லிருந்து 495-தான், எட்டு சதவீதம்கூட ஏறவில்லை. மீதி? இன்ஜின் ஓட்டுநரின் முதுகுக்குப் பின்னால் போனதால் பின் டயர்கள் மேல் பாரம் கூடி, கிளம்பும்போது வழுக்காமல் தரையைக் கவ்வுகின்றன. அப்புறம் டூயல் கிளட்ச் கியர்பாக்ஸ், அதாவது இரண்டு கிளட்ச் வைத்துத் தானாகவே சட்டென்று கியர் மாற்றுவது. கையால் கியர் மாற்றும் காரின் வேக வரைபடத்தில் ஒவ்வொரு கியருக்கும் கோடு ஒரு கணம் ஏறாமல் படுத்துக்கொள்ளும், இதில் அது கண்ணுக்கே படாது.

சந்தேகமிருந்தால், நின்ற இடத்திலிருந்து கால் மைல் தூரம் ஓடி முடிக்க ஆகும் நேரத்தைப் பாருங்கள். பழையது 12.0 நொடி, புதியது 11.2. அதாவது 60 மைலுக்குள் பிடித்த 0.9 நொடி கடைசியில் 0.8 ஆகத்தான் நிற்கிறது, வளரவே இல்லை. கால் மைல் முடிவுக் கோட்டைத் தாண்டும்போதுள்ள வேகமோ மணிக்கு 119 மைலிலிருந்து வெறும் 121. எடைக்கு எவ்வளவு பலம் இருக்கிறது என்பதைக் காட்டிக்கொடுப்பது அந்த வேகம்தான். கிளம்பும்போது டயர் கொஞ்சம் சுழன்றால் நேரம் கெட்டுவிடும், அந்த வேகம் அவ்வளவாக மாறாது.

இன்னொரு தில்லுமுல்லும் உண்டு (நான் அப்படித்தான் சொல்வேன்). அமெரிக்கப் பத்திரிகைகள் பலவும், டிராக் ரேஸ் (நேர்ப்பாதையில் நின்ற இடத்திலிருந்து கிளம்பும் பந்தயம்) பழக்கப்படி, கார் முதல் ஓரடி உருண்ட பிறகே கடிகாரத்தை ஓடவிடுகின்றன. வேகமாகக் கிளம்பும் கார் அந்த ஓரடிக்கே கால் நொடிக்கு மேல் எடுத்துக்கொள்ளும், கடிகாரம் தொடங்கும்போது ஏற்கெனவே மணிக்கு 8 கிலோமீட்டரில் இருக்கும். பழைய காரை நின்ற இடத்திலிருந்தும் புதியதை இப்படியும் அளந்து ஒப்பிட்டால், இல்லாத முன்னேற்றம் இனாமாகக் கிடைத்துவிடும். போதாததற்கு, ஒரு காருக்கு 0-60 மைல் நேரத்தையும் இன்னொன்றுக்கு 0-100 கிலோமீட்டர் நேரத்தையும் ஒப்பிடுவதும் தப்பு; 100 கிலோமீட்டர் என்பது 62 மைல், 60 அல்ல.

உங்களுக்கு ஓவர்டேக்தான் முக்கியமென்றால் மணிக்கு 80-லிருந்து 120, 100-லிருந்து 200 கிலோமீட்டர் வேகத்துக்கு ஏற ஆகும் நேரங்களைத் தேடுங்கள், அதுவும் இரண்டு தலைமுறையையும் ஒரே ஆட்கள் ஒரே முறையில் அளந்ததாக இருக்கட்டும்.