பகிர்ந்த ஆவணம் கடவுச்சொல் கேட்டால்

அலுவலக மின்னஞ்சல் கணக்குகள் பறிபோன பிறகு, என்ன நடந்தது என்று ஆராய்வது என் பணி. பாதிக்கப்பட்டவர்கள் அநேகமாக எல்லோரும் முதலில் சொல்வது, "தெரிந்தவரிடமிருந்துதான் வந்தது" என்பதே. அவர்கள் சொல்வது உண்மை. மோசடிக்காரர் ஒரு கணக்கைக் கைப்பற்றியதும், அதன் உரிமையாளர் யார் யாரோடு கடிதப் போக்குவரத்து வைத்திருந்தாரோ அவர்களுக்கெல்லாம் அவருடைய சொந்த முகவரியிலிருந்தே அடுத்த வலையை வீசுகிறார். ஆகவே அனுப்புநரின் முகவரியைச் சரிபாருங்கள் என்ற வழக்கமான அறிவுரை இங்கே பாதிப் பயன்தான் தரும்.

அண்மையில் நான் ஆராய்ந்த நிகழ்வில், கணக்குப் பிரிவு ஊழியர் ஒருவருக்குப் பல ஆண்டுகளாகப் பொருள் வழங்கி வருபவரிடமிருந்து, பழைய மடலுக்கான பதிலாகவே, "திருத்திய விலைப்பட்டியல் தங்களுடன் பகிரப்பட்டுள்ளது" என்ற செய்தி வந்தது. நீலப் பொத்தானை அழுத்தியதும் மங்கலாக ஒரு பட்டியலும், அதன்மேல் கடவுச்சொல் கேட்கும் சிறு பெட்டியும் தோன்றின; பெட்டியில் அவருடைய மின்னஞ்சல் முகவரி முன்கூட்டியே நிரப்பப்பட்டிருந்தது. அவர் இட்ட கடவுச்சொல்லைத் தவறு என்று சொல்லி அந்தப் பக்கம் மறுபடியும் கேட்டது. இரண்டாம் முறை இட்டதும், உண்மையான மின்னஞ்சல் சேவையின் முகப்புக்கு அவரைக் கொண்டுபோய் விட்டது. முதல் முறை தவறு என்று சொல்வதும் திட்டமிட்டதே: இரண்டு முறையும் ஒரே சொல் வந்தால், அது பிழையில்லாத கடவுச்சொல் என்று திருடுபவருக்கு உறுதியாகிவிடும்.

அந்த உலாவியில் அவர் காலையிலிருந்தே தம் கணக்கில் உள்நுழைந்துதான் இருந்தார். அப்படியிருக்க, அதே கணக்கின் கடவுச்சொல்லை ஓர் ஆவணம் ஏன் கேட்க வேண்டும்? இந்தக் கேள்வி மனத்தில் எழும் இடத்தில் கையை எடுத்துவிட வேண்டும். மெய்யான சேவைகளும் சில வேளைகளில் மறுபடி உள்நுழையச் சொல்வதுண்டு என்பதால், அந்தப் பக்கத்தை மூடிவிட்டு, ஆவணங்களைச் சேமித்துப் பகிரும் சேவையான கூகுள் டிரைவையோ ஒன்டிரைவையோ வழக்கமான வழியில் திறந்து, நம்முடன் பகிரப்பட்டவற்றின் பட்டியலில் அந்த ஆவணம் இருக்கிறதா என்று பார்ப்பது நல்லது. இருந்தாலும் முழுதாக நம்பிவிட வேண்டாம். இப்போது உண்மையான ஆவணத்தையே பகிர்ந்து, அதற்குள் "முழுக் கோப்பையும் காண இங்கே அழுத்தவும்" என்று பொறியை வைக்கிறார்கள். அறிவிப்பு மடல் மெய்யான சேவையிலிருந்தே வருவதால் வடிகட்டிகளும் அதைத் தடுக்காமல் போகலாம்.

இணைய முகவரியைப் படிக்கும்போது, ‘எச்டிடிபிஎஸ்’ என்ற தொடக்கத்தையும் அதை அடுத்த இரட்டைச் சாய்கோட்டையும் விட்டுவிட்டு, அதற்குப் பின் வரும் முதல் சாய்கோட்டைக் (/) கண்டுபிடித்து, அங்கிருந்து இடப்பக்கமாகப் படியுங்கள். கூகுள் என்ற பெயர் முகவரியின் தொடக்கத்தில் இருப்பதால் பயனில்லை. அந்தச் சாய்கோட்டை ஒட்டி, முன்னால் வேறு எழுத்தோ சிறுகோடோ சேராமல், ‘கூகுள்.காம்’ என்று முடிகிறதா என்பதே கேள்வி. பூட்டுச் சின்னம் இருக்கிறதே என்று பலர் ஆறுதல் அடைகிறார்கள். இணைப்பு, இடையில் யாரும் படிக்க முடியாதபடி மறைகுறியாக்கப்பட்டுள்ளது என்பதை மட்டுமே அது காட்டும். போலித் தளங்களிலும் அது இருக்கும்.

கடவுச்சொல்லே கேட்காத வகையும் உண்டு. 2017 மே 3 அன்று பரவிய மோசடியில், இணைப்பை அழுத்தியவர்கள் கூகுளின் உண்மையான பக்கத்துக்குத்தான் சென்றார்கள். அங்கே, கூகுளின் ஆவணச் சேவையான ‘கூகுள் டாக்ஸ்’ என்பதன் பெயரைச் சூட்டிக்கொண்ட வேறொரு செயலி, மின்னஞ்சல்களைப் படிக்கவும் அனுப்பவும் அழிக்கவும், தொடர்புப் பட்டியலைக் கையாளவும் அனுமதி கேட்டது. கூகுள் ஏறத்தாழ 1 மணி நேரத்தில் அதை முடக்கியது. இத்தகைய அனுமதியைக் கொடுத்துவிட்டால் கடவுச்சொல்லை மாற்றுவது மட்டும் போதாது. கணக்கின் அமைப்புகளில் இணைக்கப்பட்ட செயலிகளின் பட்டியலைத் திறந்து அதை நீக்கியாக வேண்டும்.

ஓடிபி இருக்கிறதே என்றும் அமைதியாக இருக்க முடியாது. இடையில் நிற்கும் போலிப் பக்கம் அந்த எண்ணையும் வாங்கி, உடனுக்குடன் உண்மையான தளத்தில் இட்டுவிடுகிறது. கடவுச்சொல்லுக்குப் பதிலாகக் கைப்பேசியின் அல்லது கணினியின் பூட்டைத் திறந்தே உள்நுழைய உதவும் பாஸ்கீ அப்படியன்று; அது உருவாக்கப்பட்ட தளத்தின் முகவரியோடு பிணைக்கப்பட்டிருப்பதால் வேறு முகவரியில் வேலை செய்யாது. வாய்ப்புள்ளவர்கள் இன்றே அதற்கு மாறிவிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

ஏமாந்துவிட்டதாகத் தெரிந்தால் கடவுச்சொல்லை மாற்றி, எல்லாக் கருவிகளிலிருந்தும் வெளியேறி, அலுவலகத்துக்குத் தயங்காமல் தெரிவியுங்கள். வரும் மடல்களைத் தானாகவே பிரித்து அனுப்பும் மின்னஞ்சல் விதிகளையும் பாருங்கள்: அந்த ஊழியரின் கணக்கில், ‘விலைப்பட்டியல்’ என்ற சொல் உள்ள மடல்களையெல்லாம் யாரும் திறக்காத ஒரு கோப்புறைக்குத் தள்ளும் விதி இருந்தது.

அவர் கவனக்குறைவானவர் அல்லர். பொத்தானை அழுத்துவதற்கு முன்பே, "இதை நீங்கள்தான் அனுப்பினீர்களா?" என்று பதில் எழுதிக் கேட்டிருந்தார்; 2 நிமிடத்தில் "ஆம், பார்த்துச் சொல்லுங்கள்" என்று பதிலும் வந்தது. பிற்பகலில் தொலைபேசியில் அழைத்தபோதுதான், அன்று காலையிலிருந்தே தம் கணக்குக்குள் நுழைய முடியவில்லை என்று அந்தப் பொருள் வழங்குநர் சொன்னார்.