தண்ணீர் ஏன் வளைந்திருக்கிறது?

பள்ளி வேதியியலில் ஒரு கதை தலைமுறை தலைமுறையாக ஓடிக்கொண்டிருக்கிறது. சோடியத்தின் வெளிக்கூட்டில் ஓர் எலக்ட்ரான் இருக்கிறது. அதை யார் தலையிலாவது கட்டிவிட அது தவியாய்த் தவிக்கிறதாம். குளோரினிடம் ஏழு இருக்கிறது; எட்டாவதற்கு அது ஏங்குகிறதாம். இரண்டும் சந்திக்கின்றன, கொடுக்கல் வாங்கல் முடிகிறது, இருவருக்கும், எதனுடனும் எளிதில் சேராத மந்த வாயுவின் மனநிறைவு வாய்க்கிறது, உப்பு பிறக்கிறது. தேர்வில் எழுதினால் முழு மதிப்பெண் கிடைக்கும். கணக்குப் போட்டுப் பார்த்தால்தான் இடிக்கிறது.

ஒரு மோல் (அணுக்களை எண்ணுவதற்கான ஒரு பெரிய கட்டு) சோடியம் அணுக்களிலிருந்து தலைக்கு ஓர் எலக்ட்ரானை எடுக்க 496 கிலோஜூல் செலவாகிறது. சோடியம் எதையும் தானாகக் கொடுப்பதில்லை, பிடுங்கித்தான் எடுக்க வேண்டியிருக்கிறது. அந்த எலக்ட்ரான்களைக் குளோரின் அணுக்கள் வாங்கிக்கொள்ளும்போது திரும்பக் கிடைப்பது 349 கிலோஜூல். 147 கிலோஜூல் கைநட்டம். கதை இத்துடன் முடிந்திருந்தால் உலகில் உப்பே இருந்திராது. நட்டத்தை ஈடுகட்டுவது அதற்கு அடுத்து நடக்கும் காரியம்: எலக்ட்ரானை இழந்த நேர்மின் சோடியம் அயனிகளும் அதைப் பெற்ற எதிர்மின் குளோரைடு அயனிகளும் ஒன்றையொன்று இழுத்து அடுக்கடுக்காக அமரும்போது 787 கிலோஜூல் வெளிப்படுகிறது. ஆக, உப்பை உருவாக்குவது எதிரெதிர் மின்சுமைகளின் இழுப்பு. எட்டு என்ற எண் விடையை நினைவில் வைத்துக்கொள்ள உதவும் குறிப்பு. அதையே காரணமாக்கிவிடுவதுதான் வகுப்பறையில் நடக்கும் பிழை.

உப்பில் இன்னொரு சங்கதியும் உண்டு. ஒரு சோடியமும் ஒரு குளோரினும் கைகோத்த ஜோடி என்று அங்கே எதுவும் கிடையாது. ஒவ்வொரு சோடியத்தைச் சுற்றியும் ஆறு குளோரைடுகள், ஒவ்வொரு குளோரைடைச் சுற்றியும் ஆறு சோடியங்கள், கல்லுப்புக் கட்டியின் விளிம்பு வரைக்கும் இதே அடுக்கு. எக்ஸ் கதிர்களைப் பாய்ச்சி 1913இல் இயற்பியலாளர் பிராக் இந்த அமைப்பைக் கண்டு சொன்னார். ‘அப்படியானால் உப்பின் மூலக்கூறு எங்கே’ என்று முகம் சுளித்தவர்கள் இருந்தார்கள். ஹென்றி ஆர்ம்ஸ்ட்ராங் என்ற மூத்த வேதியியலாளர் 1927இல்கூட ‘நேச்சர்’ இதழில் இதைக் கண்டித்து எழுதினார்.

மூலக்கூறு என்று தனியாகச் சுட்டிக்காட்டக்கூடிய ஒன்று வேண்டுமென்றால், அணுக்கள் எலக்ட்ரான்களைப் பகிர்ந்துகொள்ளும் சகப்பிணைப்புக்கு வரவேண்டும். ஆக எளியது ஹைட்ரஜன். இரண்டு ஹைட்ரஜன் அணுக்கள் நெருங்கும்போது, அவற்றின் இரு எலக்ட்ரான்களும் இரண்டு அணுக்கருக்களுக்கும் இடைப்பட்ட பகுதியில் சற்றே அடர்ந்து பரவுகின்றன. அங்கே இருக்கும் எதிர்மின்சுமையை இரண்டு கருக்களும் இழுக்கின்றன. இன்னும் நெருங்கினால் கருக்கள் ஒன்றையொன்று தள்ளத் தொடங்கும். இழுப்பும் தள்ளலும் சமன்படும் தூரம் 74 பிக்கோமீட்டர். அதுதான் பிணைப்பின் நீளம். இந்தக் கணக்கைக் குவாண்டம் இயற்பியலைக் கொண்டு முதலில் போட்டுக் காட்டியவர்கள் ஹைட்லர், லண்டன் என்ற இரு இயற்பியலாளர்கள், ஆண்டு 1927.

இப்படிப் பிணைந்த ஒரு மோல் ஹைட்ரஜனைத் திரும்பப் பிரிக்க 436 கிலோஜூல் கொடுக்க வேண்டும். ‘கொடுக்க’ என்பதை அழுத்திச் சொல்லியாக வேண்டும். பிணைப்புக்குள் ஆற்றல் அடைபட்டுக் கிடக்கிறது, உடைத்தால் பீறிட்டு வரும் என்று நம்புகிறவர்கள் பட்டம் வாங்கியவர்களிலும் நிறைய. எந்தப் பிணைப்பை உடைத்தாலும் செலவுதான். வரவு, புதிய பிணைப்பு உண்டாகும்போது. மீத்தேன் எரிந்து சூடு தருவதற்குக் காரணம், எரிந்தபின் உருவாகும் கார்பன் டை ஆக்சைடிலும் நீரிலும் உள்ள பிணைப்புகள் மீத்தேனிலும் ஆக்சிஜனிலும் இருந்தவற்றைவிட வலுவானவையாக இருப்பது.

இனி வடிவத்துக்கு வரலாம். வேதியியலில் எனக்கு மிகவும் பிடித்த வாதம் இங்கேதான் இருக்கிறது. மூலக்கூறை யாரும் கண்ணால் காணாத காலம். எலக்ட்ரானே 1897இல்தான் அறிமுகமாகிறது. அதற்கு 23 ஆண்டுகளுக்கு முன்பே, 1874இல், 22 வயது டச்சு இளைஞர் யாகோபஸ் வான்ட் ஹாஃப் மீத்தேனின் வடிவத்தைச் சொல்லிவிட்டார். அவர் பக்கம் இருந்த சான்று, வேதியியலாளர்கள் தேடியும் கிடைக்காத சில பொருள்கள்.

கரும்பலகையில் மீத்தேனை வரையும்போது நடுவில் கார்பன், நான்கு பக்கமும் ஹைட்ரஜன், கூட்டல் குறி போல வரைகிறோம். அது உண்மையிலேயே அப்படித் தட்டையாக இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இரண்டு ஹைட்ரஜன்களை எடுத்துவிட்டு அந்த இடத்தில் குளோரினை வைத்தால் டைகுளோரோமீத்தேன். தட்டைச் சதுரத்தில் இரண்டு குளோரின்களும் அடுத்தடுத்த மூலைகளில் உட்காரலாம். எதிரெதிர் மூலைகளிலும் உட்காரலாம். இவை இரண்டும் வெவ்வேறு பொருள்கள், கொதிநிலையும் வேறுபட வேண்டும். ஆனால் யார் எந்த வழியில் தயாரித்தாலும் கிடைப்பது ஒரே ஒரு டைகுளோரோமீத்தேன். ஏறக்குறைய 40 டிகிரி செல்சியஸில் கொதிக்கிற அதே திரவம். சதுரத்தைக் கைவிட்டு, கார்பனை ஒரு நான்முகியின், அதாவது நான்கு முக்கோண முகங்களும் நான்கு மூலைகளும் கொண்ட உருவத்தின், நடுவில் வைத்துப் பாருங்கள். நான்முகியில் எந்த இரண்டு மூலையை எடுத்தாலும் அவை அடுத்தடுத்த மூலைகள்தான். எதிர் மூலை என்பதே இல்லை. ஆகவே இரண்டாவது பொருளும் இல்லை.

இதே வடிவத்திலிருந்து இன்னொன்றும் வந்து விழுகிறது. கார்பனின் நான்கு மூலைகளிலும் நான்கு வேறு வேறு தொகுதிகள் அமர்ந்தால், அந்த மூலக்கூறும் கண்ணாடியில் தெரியும் அதன் பிம்பமும் ஒன்றின்மேல் ஒன்று பொருந்தாது. பாஸ்டர் 1848இல் டார்டாரிக் அமிலத்தின் உப்பில் இரண்டு வகைப் படிகங்களைத் தனித்தனியாகப் பொறுக்கி எடுத்தது ஏன் சாத்தியமாயிற்று என்பதற்கு இதில் விடை இருந்தது. பிரான்சில் லெ பெல்லும் அதே ஆண்டு தனியாக இதே முடிவுக்கு வந்தார். இந்த வேறுபாட்டை மூக்கும் உணரும். கார்வோன் என்ற மூலக்கூறின் ஒரு வடிவம் ஸ்பியர்மின்ட் புதினாவின் மணத்தைத் தருகிறது. அதன் கண்ணாடிப் பிம்பம் சதகுப்பை விதையில் இருக்கிறது, மணமே வேறு. அணுக்களும் அதே, எண்ணிக்கையும் அதே, பிணைப்புகளும் அதே.

வான்ட் ஹாஃபுக்கு உடனே மாலை மரியாதை கிடைத்துவிடவில்லை. அவர் அப்போது உட்ரெக்டில் ஒரு கால்நடை மருத்துவப் பள்ளியில் வேலை பார்த்தார். ஜெர்மனியின் பெரும் வேதியியலாளர் கோல்பே 1877இல் எழுதிய கட்டுரையில், இந்த ஆள் தன் பள்ளித் தொழுவத்திலிருந்து பறக்கும் குதிரையை இரவல் வாங்கிக்கொண்டு கற்பனையில் மிதக்கிறார் என்ற பொருளில் வசைபாடினார். வேதியியலுக்கான முதல் நோபல் பரிசு 1901இல் வான்ட் ஹாஃபுக்குப் போனது. அதைப் பார்க்கக் கோல்பே உயிருடன் இல்லை.

மூலக்கூறு நான்முகி என்பது சரி, ஏன் நான்முகி? இதற்கு எலக்ட்ரான்கள் தேவைப்பட்டன. 1916இல் பெர்க்லியில் கில்பர்ட் லூயிஸ், ஒரு பிணைப்பு என்பது இரண்டு அணுக்கள் பகிர்ந்துகொள்ளும் ஓர் எலக்ட்ரான் இரட்டை என்றார். பாடப்புத்தகத்தில் அணுக்களைச் சுற்றி வைக்கப்படும் புள்ளிகள் அவருடையவை. புள்ளிப்படம் யார் யாருடன் பிணைந்திருக்கிறார்கள் என்று சொல்லும், எந்தத் திசையில் என்று சொல்லாது. திசையைச் சொல்லும் எளிய விதியை 1940இல் சிட்ஜ்விக்கும் பவலும் தொடங்கிவைக்க, 1957இல் கில்லெஸ்பியும் நைஹோமும் முழுமையாக்கினார்கள். மேல்நிலைப் பாடத்தில் அதற்கு இணைதிறன் கூடு எலக்ட்ரான் இரட்டை விலக்கக் கொள்கை என்று ரயில் பெட்டி போல நீளமான பெயர். சாரம் ஒரு வரிதான்: நடு அணுவைச் சுற்றியுள்ள எலக்ட்ரான் இரட்டைகள் ஒன்றைவிட்டு ஒன்று முடிந்தவரை விலகி நிற்கும்.

விலகுவதற்கு எதிர்மின்சுமைகளின் தள்ளல் ஒரு காரணம். ஒரே தற்சுழற்சி கொண்ட எலக்ட்ரான்கள் ஒரே இடத்தில் இருக்க முடியாது என்ற பவுலியின் தவிர்க்கைத் தத்துவம் அதைவிட ஆழமான காரணம். விளைவை நான்கு பலூன்களை ஊதி, கழுத்துகளைச் சேர்த்து முடிந்து பார்த்தாலே காணலாம். தட்டையாக வைக்க நினைத்தாலும் திமிறிக்கொண்டு நான்முகியாக நிற்கும். சதுரத்தில் இடைவெளி 90 டிகிரி, நான்முகியில் 109.5 டிகிரி. மீத்தேனில் அளந்தாலும் அதே 109.5.

இப்போது தண்ணீர். ஆக்சிஜனின் வெளிக்கூட்டில் ஆறு எலக்ட்ரான்கள், ஹைட்ரஜன்கள் கொண்டுவருவது இரண்டு. மொத்தம் எட்டு, அதாவது நான்கு இரட்டைகள். நான்கு இரட்டை என்றால் நான்முகித் திசைகள். ஆனால் அவற்றில் இரண்டின் முனையில்தான் ஹைட்ரஜன் இருக்கிறது. மற்ற இரண்டும் எந்த அணுவோடும் சேராமல் ஆக்சிஜனிடமே தங்கிவிட்ட தனித்த இரட்டைகள். மூலக்கூறின் வடிவத்தைச் சொல்லும்போது அணுக்களைத்தான் கணக்கில் எடுப்போம், ஆகவே தண்ணீர் வளைந்ததாகத் தெரிகிறது. தனித்த இரட்டையை இழுத்துப் பிடிக்க ஒரே ஒரு கருதான் உண்டு; அதனால் அது நடு அணுவின் பக்கத்திலேயே அகலமாகப் பரந்து, பக்கத்தில் உள்ள பிணைப்புகளை நெருக்குகிறது. ஒரு தனித்த இரட்டை கொண்ட அம்மோனியாவில் கோணம் ஏறக்குறைய 107 டிகிரி. இரண்டு கொண்ட தண்ணீரில் 104.5.

கார்பன் டை ஆக்சைடிலும் நடு அணுவைச் சுற்றி நான்கு இரட்டைகள்தான். ஆனால் நான்கும் இரண்டு இரட்டைப் பிணைப்புகளுக்குள் போய்விட்டன. ஒரே ஆக்சிஜனை நோக்கிய இரண்டு இரட்டைகளும் ஒரே பக்கம்தான் பார்த்தாக வேண்டும். மிஞ்சுவது இரண்டு திசைகள், விலகி நிற்கும் கோணம் 180 டிகிரி. மாணவர்கள் வழுக்கி விழும் இடம் இது. இரண்டுமே மூன்று அணு மூலக்கூறுகள் என்பதால் ஒரே வடிவம் என்று எழுதிவிடுகிறார்கள். எண்ண வேண்டியது நடு அணுவைச் சுற்றியுள்ள திசைகளை.

இந்த வளைவினால் என்ன வந்துவிட்டது? ஆக்சிஜன் எலக்ட்ரானைத் தன் பக்கம் இழுக்கும் குணமுள்ளது. அதனால் கார்பன் டை ஆக்சைடின் ஒவ்வொரு பிணைப்பிலும் ஆக்சிஜன் முனை சற்று எதிர்மின்னாக இருக்கிறது; ஆனால் இரண்டும் நேர் எதிர்த்திசை என்பதால் ஒன்றையொன்று அழித்துவிடுகின்றன. தண்ணீரில் இரண்டும் ஒரே பக்கமாகச் சாய்ந்திருப்பதால் அழிவதில்லை. மூலக்கூறுக்கு ஒரு நேர்மின் பக்கமும் ஓர் எதிர்மின் பக்கமும் ஏற்படுகின்றன; இந்த மின்சுமைப் பிரிவின் அளவான இருமுனைத் திருப்புத்திறன் 1.85 டிபை. இந்த அலகுக்குப் பெயர் தந்த பீட்டர் டிபை 1936இல் நோபல் பெற்றதில் இத்தகைய அளவீடுகளுக்கும் பங்குண்டு. அந்த எண் பூஜ்யமா இல்லையா என்று பார்த்தே, இரு முனையிலும் ஒரே அணு கொண்ட மூன்று அணு மூலக்கூறு நேர்கோடா வளைவா என்று கண்டுகொள்ளலாம்.

ஒரு தண்ணீர் மூலக்கூறின் ஹைட்ரஜன், பக்கத்து மூலக்கூறின் தனித்த இரட்டையைப் பற்றிக்கொள்வதுதான் ஹைட்ரஜன் பிணைப்பு. கொடுக்க இரண்டு ஹைட்ரஜன்கள், ஏற்க இரண்டு தனித்த இரட்டைகள். ஆகவே ஒவ்வொரு மூலக்கூறும் நான்கு பக்கமும் பிடிமானம் கொள்ள முடிகிறது. தண்ணீரைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு கனமான ஹைட்ரஜன் சல்பைடு மைனஸ் 60 டிகிரியிலேயே கொதித்து வாயுவாகிவிட, தண்ணீர் 100 டிகிரி வரை திரவமாகவே நிற்பது இந்தப் பிடியால். பனிக்கட்டியில் இந்த நான்கு திசைகளும் ஒழுங்காக நான்முகியாக அமைந்துவிடுவதால் நடுவில் வெற்றிடம் மிகுகிறது. கன சென்டிமீட்டருக்கு 0.917 கிராம் என்று அடர்த்தி குறைந்து, அது மிதக்கிறது.

விதி எங்கும் கச்சிதமாகப் பொருந்தும் என்று சொன்னால் அது பொய். தண்ணீரைப் போலவே இரண்டு தனித்த இரட்டைகள் கொண்ட ஹைட்ரஜன் சல்பைடில் கோணம் ஏறக்குறைய 92 டிகிரி. குறையும் என்று விதி சொல்லும், இவ்வளவு குறையும் என்று சொல்லாது. ஆக்சிஜன் மூலக்கூறின் புள்ளிப்படத்தில் எல்லா எலக்ட்ரான்களும் இரட்டையாகவே இருக்கும். ஆனால் திரவ ஆக்சிஜனைக் காந்த முனைகளுக்கிடையே ஊற்றினால் ஒட்டிக்கொண்டு நிற்கிறது. அதற்கு ஜோடி சேராத எலக்ட்ரான்கள் இருந்தாக வேண்டும்.

வேதியியலாளர் பவுலிங் 1931இல் கொண்டுவந்த இனக்கலப்பு என்ற விளக்கமும் அப்படித்தான் எல்லை கடந்து கற்பிக்கப்படுகிறது. கார்பன் தன் ஆர்பிட்டால்களை (எலக்ட்ரான்கள் பரவியிருக்கும் இடங்களை) முதலில் கலந்து, நான்கு சமமான ஆர்பிட்டால்களைத் தயாரித்து வைத்துக்கொண்டு, பிறகு ஹைட்ரஜனை வரவேற்பது போல வரிசையாக எழுதச் சொல்கிறார்கள். அப்படி ஒரு நிகழ்ச்சி எங்கும் நடப்பதில்லை. தெரிந்த வடிவத்தை வருணிக்க அது வசதியான கணித மொழி. மீத்தேனிலிருந்து எலக்ட்ரான்களை ஒளியால் வெளியேற்றி ஆற்றலை அளந்தால், வெளிக்கூட்டு எலக்ட்ரான்கள் எட்டும் ஒரே ஆற்றலில் வருவதில்லை. சுமார் 14 எலக்ட்ரான் வோல்ட், சுமார் 23 எலக்ட்ரான் வோல்ட் என இரண்டு இடங்களில் வருகின்றன. நான்கு பிணைப்புகளும் சமம் என்பது உண்மை. அதிலிருந்து எட்டு எலக்ட்ரான்களின் ஆற்றலும் சமம் என்று முடிவு கட்டக் கூடாது.

இத்தனைக்குப் பிறகும் எண்ணும் விதியை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன், ஏனென்றால் முன்பின் தெரியாத மூலக்கூறிலும் அது பெரும்பாலும் கைகொடுக்கிறது. மந்த வாயுவான ஸீனானை எடுத்துக்கொள்ளுங்கள். அதைக் கொண்டு முதல் சேர்மத்தை 1962இல் நீல் பார்ட்லெட் உருவாக்கினார். அதே ஆண்டு தயாரான ஸீனான் டெட்ராஃபுளோரைடைத் தாளில் போட்டுப் பார்க்கலாம். ஸீனானின் எட்டு எலக்ட்ரான்கள், நான்கு ஃபுளோரின்கள் தலைக்கு ஒன்று, மொத்தம் 12. எட்டு விதி இங்கே காற்றில் போயிற்று. 12 என்றால் ஆறு இரட்டைகள். அவை எட்டு முகங்களும் ஆறு மூலைகளும் கொண்ட எண்முகியின் ஆறு திசைகளில் நிற்கும். நான்கு பிணைப்பில் இருக்கின்றன, இரண்டு தனித்தவை. இடத்தை அதிகம் அடைக்கும் தனித்த இரட்டைகள் இரண்டும் மேலும் கீழுமாக எதிரெதிரே போய்விடும். மிஞ்சுவது நடுத்தளத்தில் நான்கு ஃபுளோரின்கள்: மீத்தேனுக்கு வாய்க்காத தட்டைச் சதுரம். படிகத்தில் எக்ஸ் கதிர் பாய்ச்சிப் பார்த்தவர்களும் அதையே கண்டார்கள்.