ரசமட்டமும் நெருப்பும்: மோட்டார் ஹோமுக்குள் நடப்பது என்ன?

அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில், மோவாப் ஊருக்கு வெளியே செம்பாறைகளுக்கு நடுவே வாடகை மோட்டார் ஹோமை (படுக்கை, சமையலறை, கழிப்பறையோடு கூடிய வண்டி) நிறுத்தி இரண்டு நாள் தங்கினோம். இரண்டாம் நாள் காலையில் பால் திரிந்துவிட்டது. தயிர் வாயில் வைக்க முடியாத அளவுக்குப் புளித்திருந்தது. ஆனால் குளிர்பெட்டியின் பச்சை விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது. வெளிப்பக்கத்து மூடியைத் திறந்து பார்த்தால், பெட்டியின் முதுகில் நீலச் சுவாலையும் ஒழுங்காக எரிந்தது. எது கெட்டது என்றே புரியவில்லை.

பக்கத்தில் முகாமிட்டிருந்த ஒரு முதியவர் வந்து பார்த்தார். இயந்திரத்தை அவர் தொடவேயில்லை. கையடக்கமான ஒரு ரசமட்டத்தைக் கொண்டுவந்து உறைபெட்டியின் தளத்தில் வைத்தார். குமிழி ஒரே ஓரமாகப் போய் ஒட்டிக்கொண்டது. இடப்பக்கச் சக்கரங்களுக்கு அடியில் பலகைகளைப் போட்டு வண்டியை அவற்றின்மேல் ஏற்றி நிறுத்தச் சொன்னார். மறுநாள் காலை பெட்டி சில்லென்று இருந்தது.

கொத்தனார் சுவரில் வைத்துப் பார்க்கும் ரசமட்டத்துக்கும் பால் திரிவதற்கும் என்ன உறவு? இதைப் புரிந்துகொண்டால் மோட்டார் ஹோம் பராமரிப்பில் பாதி புரிந்துவிடும் என்பது என் எண்ணம். வாடகைக்குக் கொடுப்பவர்கள் எந்தப் பொத்தானை எப்போது அழுத்த வேண்டும் என்று சொல்கிறார்கள், காரணத்தைச் சொல்வதில்லை.

நம் வீட்டுக் குளிர்பெட்டியில் மின்சாரத்தில் ஓடும் கம்ப்ரசர் உண்டு. பல மோட்டார் ஹோம்களில் இருக்கும் உறிஞ்சுவகைக் குளிர்பெட்டியில் அது கிடையாது. குளிர்விக்கும் சுற்றில் பம்பு இல்லை, நகரும் உறுப்பு எதுவுமே இல்லை. இறுக்கமாக மூடிய இரும்புக் குழாய்களுக்குள் முக்கியமாக மூன்று பொருள்கள்: அம்மோனியா, தண்ணீர், ஹைட்ரஜன். வெளியிலிருந்து உள்ளே போவது வெப்பம் மட்டும். தீயை மூட்டினால் மறுமுனையில் குளிர் பிறக்கிறது.

அது எப்படி என்று பார்ப்போம். அடியில் உள்ள கொதிகலனில் அம்மோனியா கரைந்த தண்ணீர் இருக்கிறது. சுவாலை அதைச் சூடாக்கும்போது அம்மோனியா குமிழிகளாகப் பிரிகிறது. பால் பொங்கும்போது குமிழிகள் பாலையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு வருவதைப்போல, இந்தக் குமிழிகள் ஒரு குறுகிய குழாய் வழியாகக் கரைசலை மேலே தூக்கிவிடுகின்றன. இதுதான் அந்தப் பெட்டியின் பம்பு. மேலே போனதும் தண்ணீர் பிரிந்து இறங்கிவிடுகிறது. அம்மோனியா ஆவி பின்புறத்துத் தகடுகளில் வெப்பத்தை இழந்து திரவமாகிறது. அந்தத் திரவம் சரிவான குழாயில் வழிந்து, உறைபெட்டியை ஒட்டிய சுருளுக்குள் போகிறது.

சுருளுக்குள் ஹைட்ரஜன் காத்திருக்கிறது. கொடியில் போட்ட ஈரத்துணியை நினைத்துப் பாருங்கள். 100 டிகிரிக்குக் கொதிக்க வைத்தா அதைக் காயவைக்கிறோம்? சுற்றியுள்ள காற்றில் நீராவி குறைவாக இருப்பதால், துணியிலுள்ள நீர் தானாகவே ஆவியாகிப் போகிறது. அதேபோல், ஹைட்ரஜன் நிறைந்த இடத்துக்குள் வந்து விழும் அம்மோனியாவும் விரைவாக ஆவியாகிறது. ஆவியாகும் எந்தத் திரவமும் பக்கத்திலிருந்து வெப்பத்தைப் பறிக்கும். மண்பானை குளிர்வதும், ஊசி போடுமுன் தடவும் ஸ்பிரிட் தோலைச் சிலிர்க்க வைப்பதும் இதனால்தான். இங்கே வெப்பம் பறிக்கப்படுவது நம் பாலிலிருந்தும் தயிரிலிருந்தும்.

ஹைட்ரஜனும் அம்மோனியாவும் கலந்த வாயு, வெறும் ஹைட்ரஜனைவிடக் கனமானது. அது கீழே இறங்குகிறது. அங்கே வழிந்துகொண்டிருக்கும் தண்ணீர் அம்மோனியாவை உறிஞ்சிக்கொள்ள, இலேசான ஹைட்ரஜன் மறுபடி மேலே ஏறுகிறது. அம்மோனியா கரைந்த நீர் கொதிகலனுக்குத் திரும்புகிறது. சுற்று முடிந்தது, மறுபடி தொடங்குகிறது.

1922-இல் ஸ்டாக்ஹோம் தொழில்நுட்பக் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த பால்ட்சார் வான் பிளாட்டன், கார்ல் முன்டெர்ஸ் என்ற இரு மாணவர்கள் உருவாக்கியது இந்த அமைப்பு. சில ஆண்டுகளிலேயே எலக்ட்ரோலக்ஸ் நிறுவனம் அதை வாங்கி விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதே காலத்தில் ஐன்ஸ்டீனும் இயற்பியலாளர் லியோ சிலார்டும் சேர்ந்து நகரும் உறுப்பில்லாத இன்னொரு குளிர்பெட்டியை வடிவமைத்து, 1930-இல் அமெரிக்கக் காப்புரிமையும் பெற்றார்கள். சமையலறைக்கு வந்து சேர்ந்தது மாணவர்களின் பெட்டிதான். ஒரு நூற்றாண்டு கழித்தும் அதே சுற்று பாலைவனத்தின் நடுவே பாலைக் காக்கிறது என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் மலைப்பாக இருக்கிறது.

இப்போது ரசமட்டத்துக்கு வருவோம். மேலே சொன்ன சுற்றில் குமிழி தூக்கிவிடும் ஒரு கட்டத்தைத் தவிர, மற்ற எல்லா இடத்திலும் திரவம் தன் எடையால்தான் வழிகிறது. வண்டி சாய்ந்து நின்றால், சற்றே சரிவாக அமைத்த குழாய்கள் கிடைமட்டமாகிவிடும், அல்லது எதிர்ப்பக்கம் சரிந்துவிடும். திரவம் அங்கங்கே தேங்கும். கொதிகலனுக்குத் திரும்ப வேண்டிய நீர் வராது. தீ மட்டும் எரிந்துகொண்டே இருக்கும். அடுப்பில் வெறும் பாத்திரத்தை வைத்த கதைதான். குழாய் துருப்பிடிக்காமலிருக்கக் கரைசலில் சோடியம் குரோமேட் சேர்த்திருப்பார்கள். அதிகச் சூட்டில் அது படிகமாகி அந்தக் குறுகிய குழாயை அடைத்துவிடும். அப்படி அடைத்தால் பிறகு சமதளத்தில் நிறுத்தியும் பயனில்லை. குளிர்விக்கும் பகுதியையே மாற்ற வேண்டும். எங்களுக்கு அந்த நிலை வரவில்லை.

பொதுவாக இந்தப் பெட்டிகள் பக்கவாட்டில் 3 டிகிரி, முன்பின்னாக 6 டிகிரி சாய்வு வரை தாங்கும். வண்டி ஓடும்போது சாய்வு நொடிக்கு நொடி மாறி, குலுக்கலில் திரவம் நகர்ந்துகொண்டே இருப்பதால் தொல்லை இல்லை. நின்றால்தான் ஆபத்து. எனவே நிறுத்தியதும் முதல் வேலை ரசமட்டம் வைப்பது. பக்கவாட்டை முதலில் சரிசெய்யுங்கள். தாழ்ந்த பக்கத்துச் சக்கரங்களைப் பலகையில் ஏற்றினால் போதும். ஜாக்கி வைத்துத் தூக்குகிற வண்டியானால் பின்சக்கரங்கள் தரையை விட்டு எழும்பக் கூடாது. கைப்பிரேக் பெரும்பாலும் பின்சக்கரங்களில்தான் பிடிக்கிறது. அவை அந்தரத்தில் இருந்தால் வண்டியைப் பிடித்து நிறுத்த ஒன்றுமில்லை.

இந்தப் பெட்டி மெதுவாகத்தான் குளிரும். முழுதாகக் குளிர எட்டு மணி நேரமோ அதற்கு மேலோ ஆகலாம். ஆகவே புறப்படுவதற்கு முந்தைய நாள் மாலையே இயக்கிவிட்டு, வீட்டில் குளிரவைத்த பொருள்களையே அதில் வையுங்கள். பின்புறத் தகடுகள் வெப்பத்தை வெளியே தள்ள வேண்டும். அதற்கு வண்டியின் பக்கச்சுவரில் ஒரு காற்றுத்துளையும் கூரையில் ஒரு காற்றுத்துளையும் புகைபோக்கிபோல் வேலை செய்கின்றன. பறவைக்கூடு, குளவிக்கூடு, சிலந்தி வலை எது வந்தாலும் அந்த ஓட்டம் தடைப்படும். ஆண்டுக்கு ஒருமுறையாவது திறந்து பார்த்துச் சுத்தம் செய்ய வேண்டும். கோடையில் அந்தப் பக்கம் மாலை வெயில் படாமல் வண்டியைத் திருப்பி நிறுத்தினாலே வித்தியாசம் தெரியும். பெட்டிக்குள் மூக்கைத் துளைக்கும் அம்மோனியா நெடி வந்தால் உடனே அணைத்துவிட்டு, கதவு சன்னல்களைத் திறந்துவிட்டு வெளியேறுங்கள். இன்னொன்றை மறக்கவே கூடாது: பெட்ரோல் நிலையத்துக்குள் நுழையுமுன் எரிவாயு வால்வை மூடிவிட வேண்டும். பெட்டியின் முதுகில் எரிவது நிஜமான தீ.

அந்தத் தீக்கு எரிபொருள் புரொப்பேன். நம் ஊர்ச் சமையல் எரிவாயு உருளையில் இருப்பது புரொப்பேனும் பியூட்டேனும் கலந்தது. பியூட்டேன் கொதிப்பது மைனஸ் 0.5 டிகிரி செல்சியஸில். புரொப்பேனோ மைனஸ் 42-இல். உருளைக்குள் திரவமாக இருக்கும் எரிவாயு ஆவியானால்தான் அடுப்புக்கு வரும். உறைபனி விழும் இரவில் பியூட்டேன் திரவமாகவே கிடந்துவிடும்; உருளை கனமாகத்தான் இருக்கும், அடுப்பு பற்றாது. குளிர்நாட்டுப் பயணத்துக்குப் புரொப்பேனைத் தேர்ந்தெடுப்பது இதனால்தான். இரண்டுமே காற்றைவிடக் கனமானவை என்பதால் கசிந்தால் தரையோடு தேங்கும். கசிவை உணரும் கருவியைத் தரைக்கு அருகே பொருத்தியிருப்பதற்கு இதுவே காரணம்; அதன் முன்னால் செருப்பையும் பையையும் அடுக்கி மறைக்காதீர்கள். கார்பன் மோனாக்சைடு உணர்கருவி தனியாக வேண்டும். மூடிய வண்டிக்குள் தூங்குகிறவர்களுக்கு அது உயிர்க்காப்பு.

மின்சாரத்துக்கு வந்தால், நம் குடும்பங்கள் தவறு செய்யும் இடம் மிக்ஸியும் ரைஸ் குக்கரும். முகாமில் மின் இணைப்பு இல்லாதபோது வண்டியின் 12 வோல்ட் பேட்டரிதான் எல்லாம். 100 ஆம்பியர்-மணி கொண்ட ஈய-அமில பேட்டரியில் 1,200 வாட்-மணி இருப்பதாகக் கணக்கு. ஆனால் பாதிக்கு மேல் இறக்கினால் அதன் ஆயுள் விரைவாகக் குறையும். கையில் இருப்பது 600 என்று வைத்துக்கொள்ளுங்கள். 700 வாட் ரைஸ் குக்கர் அரை மணி நேரம் ஓடினால் 350 போய்விட்டது. இரவில் விளக்கு, தண்ணீர் பம்பு, வெப்பமூட்டியின் விசிறி எல்லாம் மிச்சத்தில் ஓட வேண்டும். 750 வாட் மிக்ஸியை ஐந்து நிமிடம் ஓட்டினால் 60 வாட்-மணிதான் செலவு. ஆனால் அந்த ஐந்து நிமிடமும் பேட்டரியிலிருந்து 60 ஆம்பியருக்கு மேல் இழுக்கும், மெல்லிய கம்பி சூடாகிவிடும். சட்னிப் பொடியை வீட்டிலேயே அரைத்துக்கொண்டு போவது நல்லது. சோற்றை எரிவாயுவில் வையுங்கள்.

அதுவும் பிரஷர் குக்கரில் வையுங்கள். யெல்லோஸ்டோன் ஏரி கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,350 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே தண்ணீர் 92 டிகிரியிலேயே கொதித்துவிடும். திறந்த பாத்திரத்தில் துவரம்பருப்பு வேக வெகுநேரம் ஆகும். குக்கர் தன் அழுத்தத்தால் கொதிநிலையை மறுபடி 100-க்கு மேலே ஏற்றிவிடுகிறது. அந்த ஏரிக்கரையில் குக்கர் விசில் கேட்டுப் பக்கத்து முகாமிலிருந்து ஒரு சிறுவன் ஓடிவந்து பார்த்தான். விளக்கிச் சொன்னபோது அவன் கண்ணில் வந்த வெளிச்சம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

இப்போது பலரும் லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரிக்கு மாறுகிறார்கள். அதில் பெரும்பகுதியைத் தயங்காமல் பயன்படுத்தலாம். கூரையில் சூரியத் தகடும் இருந்தால், உறிஞ்சுவகைப் பெட்டியை விட்டுவிட்டு 12 வோல்ட் கம்ப்ரசர் பெட்டியே வைத்துக்கொள்ளலாம். அதற்கு இவ்வளவு நுணுக்கமாகச் சமதளம் வேண்டியதில்லை. ஆனால் உறைநிலைக்குக் கீழே அந்தப் பேட்டரியை மின்னேற்றக் கூடாது. லித்தியம் எதிர்மின்முனைக்குள் புகாமல் அதன் மேற்பரப்பில் உலோகமாகப் படிந்துவிடும். அந்தச் சேதத்தைப் பிறகு சரிசெய்ய முடியாது.

கழிவுத்தொட்டி விஷயம் சுருக்கமானது. கழிப்பறைத் தொட்டியின் வால்வை எப்போதும் மூடியே வையுங்கள். திறந்து விட்டால் நீர் மட்டும் வடிந்து, கெட்டியானது குவிந்து இறுகிவிடும். காலி செய்யும்போது முதலில் கழிப்பறைத் தொட்டி, அடுத்து குளியல், பாத்திரம் கழுவிய நீரின் தொட்டி. சோப்புத் தண்ணீர் குழாயைக் கழுவிக்கொடுக்கும். குளிர்காலத்தில் குழாய்களில் நீரை விட்டுவைக்காதீர்கள். நீர் பனிக்கட்டியாகும்போது கனஅளவு சுமார் 9 விழுக்காடு கூடி, குழாயைப் பிளந்துவிடும்.

டயரின் பக்கவாட்டில் முட்டைவடிவக் கட்டத்துக்குள் நான்கு இலக்கங்கள் இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆம் வாரம் செய்தது. மோட்டார் ஹோம் அதிகம் ஓடாமல் வெயிலில் நின்றே கிழமாகும் வண்டி. டயரின் பள்ளங்கள் தேயாமலே ரப்பரில் வெடிப்பு விழுந்துவிடும். ஆகவே பள்ளத்தின் ஆழத்தோடு வயதையும் பாருங்கள்.

எங்கள் பயணத்தின் கடைசிக் கட்டம் டீட்டன் கணவாய். ஐடஹோவின் விக்டர் ஊரிலிருந்து ஏறி, வயோமிங்கின் வில்சன் ஊருக்கு இறங்கும் சாலை. சரிவு 10 விழுக்காடு, இறக்கம் ஏறத்தாழ 700 மீட்டர். ஆறு டன் வண்டி அவ்வளவு இறங்கும்போது விடுவிக்கும் ஆற்றல் சுமார் 4.1 கோடி ஜூல். 130 லிட்டர் தண்ணீரை அறைவெப்பத்திலிருந்து கொதிக்க வைக்க அது போதும். காலை பிரேக்கிலேயே வைத்துக்கொண்டு இறங்கினால் இந்த வெப்பம் முழுவதும் அந்தச் சில இரும்புத் தட்டுகளுக்குத்தான் போகும். பிரேக் எண்ணெய் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும் தன்மை கொண்டது. பழசாக ஆக அதன் கொதிநிலை இறங்கும். சூட்டில் அது கொதித்து ஆவியானால், மிதியை அழுத்தும்போது ஆவிதான் சுருங்கும், பிரேக் பிடிக்காது. நீலகிரியின் கல்லட்டி மலைப்பாதையில் கியரைக் குறைத்து இறங்கச் சொல்லி வைத்திருக்கும் பலகைகளுக்குப் பின்னால் இருப்பதும் இதே இயற்பியல்தான். குறைந்த கியரில் எஞ்சின் அந்த ஆற்றலைத் தன் உராய்விலும் காற்றை இழுத்துத் தள்ளுவதிலும் செலவழித்து, புகைக்குழாய் வழியாகவும் ரேடியேட்டர் வழியாகவும் வெளியேற்றிவிடுகிறது.

கணவாயின் உச்சியிலேயே இரண்டாம் கியருக்கு மாற்றினேன். எஞ்சின் உறுமியது, மனைவி கவலையோடு பார்த்தார். வேகம் கூடும்போது மட்டும் பிரேக்கைச் சற்று உறுதியாக அழுத்தி, வேகம் இறங்கியதும் முழுதாக விட்டுவிட்டேன். வில்சனில் ஓரமாக நிறுத்தி இறங்கி, முன்சக்கரத்தின் அருகே உள்ளங்கையை நீட்டிப் பார்த்தேன். இளஞ்சூடுதான் இருந்தது. பிறகு உள்ளே போய் உறைபெட்டியைத் திறந்து ரசமட்டத்தை வைத்தேன்.