தடைக்காலம் முடிந்த முதல் பயணத்தில் இன்ஜின் ஏன் சூடாகிறது?

கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. அந்த இடைவெளியில் பலகை மாற்றி, பெயின்ட் அடித்து, ஆயில் மாற்றிய படகுகூட முதல் நாள் துறைமுகத்தைத் தாண்டியதும் சூடேறி நிற்பதுண்டு. உடனே தெர்மோஸ்டாட்டை (சூட்டுக்கேற்பக் கூலன்ட் ஓட்டத்தைத் திறந்து மூடும் வால்வு) கழற்றி வீசிவிடுகிறார்கள். பெரும்பாலும் அதில் ஒரு குறையும் இருக்காது. கடல் தண்ணீர் வரும் வழியில்தான் கோளாறு இருக்கும். அதனால் தேடுவதையும் கடலிலிருந்தே தொடங்குங்கள்.

அடிப்பலகையில் உள்ள சல்லடை, அதற்கு மேல் வால்வு, குப்பையைப் பிடிக்கும் ஸ்ட்ரைனர், இம்பெல்லர் என்ற ரப்பர் இதழ்ச் சக்கரம் சுழலும் பம்ப், பிறகு ஹீட் எக்ஸ்சேஞ்சர். இந்த வழியாகக் கடல் தண்ணீர் ஓடி வெளியே விழுகிறது. சில படகுகளில் புகைக்குழாயில் கலந்து வெளியேறும். இன்ஜினுக்குள் சுற்றும் குளிர்விக்கும் திரவமான கூலன்ட், எக்ஸ்சேஞ்சரின் மெல்லிய குழாய்களின் சுவர் வழியாகத் தன் சூட்டைக் கடல் தண்ணீருக்குக் கொடுத்துவிட்டுத் திரும்புகிறது.

சூடு எப்படி ஏறியது என்பதே பாதி விடையைச் சொல்லிவிடும். ஓடிக்கொண்டிருக்கும்போது சட்டென்று ஏறினால், சல்லடையில் பிளாஸ்டிக் பை ஒட்டியிருக்கலாம், சொறிமீன் அடைத்திருக்கலாம், அல்லது இம்பெல்லர் உடைந்திருக்கலாம். (கல்பாக்கம் அணுமின் நிலையத்தின் கடல் தண்ணீர் வழியையே சொறிமீன் கூட்டம் திணறடித்ததுண்டு, படகின் சல்லடை எம்மாத்திரம்!) மெதுவாக ஓடும்போது சரியாக இருந்து, வலை இழுக்கும்போது மட்டும் ஏறினால், தண்ணீர் வருகிறது, ஆனால் போதவில்லை. வாரக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக ஏறியிருந்தால் எக்ஸ்சேஞ்சரில் உப்பும் சுண்ணாம்பும் படிந்திருக்க வாய்ப்பு அதிகம்.

முதல் சோதனைக்கு ஒரு வாளி போதும். வெளியே விழும் தண்ணீரை 10 லிட்டர் வாளியில் பிடித்து, நிரம்ப எத்தனை வினாடி ஆகிறது என்று பாருங்கள். ஐடிலில் ஒரு முறை, நியூட்ரலில் வேகத்தை இரட்டிப்பாக்கி இன்னொரு முறை. பம்ப் நன்றாக இருந்தால் இரண்டாவது முறை ஏறக்குறைய பாதி நேரத்தில் வாளி நிரம்பும். இன்ஜின் நன்றாக ஓடும் நாளிலேயே இந்த வினாடிகளை இன்ஜின் அறைச் சுவரில் எழுதி வைத்துவிட்டால், கோளாறு வரும் நாளில் ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

தண்ணீர் குறைந்திருந்தால் இன்ஜினை நிறுத்தி, வால்வை மூடுங்கள். வால்வு முழுமையாக அடைபடுகிறது என்று உறுதியான பிறகே அதற்கு மேலுள்ள ஹோஸைக் கழற்ற வேண்டும். ஹோஸ் முனையை நீர்மட்டத்துக்குக் கீழே பிடித்து, கையை வால்விலேயே வைத்துக்கொண்டு திறந்து பாருங்கள். தண்ணீர் பீறிட்டு வர வேண்டும். நூல்போல் வந்தால் அடைப்பு கீழே, சல்லடையில்தான். தடைக்காலத்தில் அடித்த பெயின்டே சல்லடைத் துளைகளை மூடியிருப்பது அடிக்கடி காணும் தவறு. துளைக்குள் கொட்டலசு (ஓட்டோடு ஒட்டி வளரும் கடல் உயிரி) வளர்ந்திருப்பது அடுத்தது.

தண்ணீர் நன்றாக வந்தால் ஸ்ட்ரைனர் மூடியின் ரப்பர் வளையத்தைப் பாருங்கள். அது தளர்ந்திருந்தால் வெளியே சொட்டாமலே பம்ப் காற்றை உறிஞ்சும். உறிஞ்சும் பக்கத்தில் கம்பிச்சுருள் வைத்த ஹோஸ்தான் வேண்டும். சாதாரண ஹோஸ் வேகம் கூடும்போது உள்ளே சப்பிப்போகும். நின்ற இன்ஜினில் பார்த்தால் அது தெரியாது.

அடுத்து பம்ப். இம்பெல்லருக்குத் தண்ணீர்தான் மசகு. வறண்டு ஓடினால் ஒரு நிமிடத்துக்குள்ளேயே இதழ்கள் கருகிவிடலாம். உடைந்த இதழ்களை எண்ணுங்கள். மூன்று இதழ் போயிருந்தால் மூன்று துண்டையும் கண்டெடுத்தாக வேண்டும். அவை பெரும்பாலும் எக்ஸ்சேஞ்சரின் நுழைவாயிலில் சிக்கியிருக்கும். துண்டுகளைத் தேடாமல் புது இம்பெல்லர் போட்டவர்களுக்கு மறுநாளே அதே சூடு வரும். புதியதைச் சோப்புத் தண்ணீரோ கிளிசரினோ தடவிப் பொருத்துங்கள். கிரீஸ் ரப்பரைக் கெடுக்கக்கூடும். இதழ்கள் சுழலும் திசைக்குப் பின்னோக்கி வளைந்திருக்க வேண்டும். மூடித்தகட்டின் உட்புறம் வட்டமாகத் தேய்ந்திருந்தால் புது இம்பெல்லரும் முழு அளவு தள்ளாது. தடித்த கேஸ்கெட் போட்டாலும் இதே விளைவுதான். பம்பின் அடியிலுள்ள சிறு துளையில் தண்ணீர் சொட்டினால் சீல் போய்விட்டது. அந்தத் துளையை எம்சீல் வைத்து அடைக்கவே கூடாது, அடைத்தால் உப்புத் தண்ணீர் இன்ஜின் ஆயிலுக்குப் போக வழியாகிவிடும்.

வாளிக் கணக்கு சரியாக இருந்தும் இன்ஜின் சூடாகிறதா? எக்ஸ்சேஞ்சருக்குள் கடல் தண்ணீர் நுழையும் இடத்திலும் வெளியேறும் இடத்திலும் கறுப்பு டேப் ஒட்டி, லேசர் வெப்பமானியால் அளவெடுங்கள். பளபளக்கும் உலோகத்தில் நேரடியாக அடித்தால் அது தவறான எண் காட்டும். வித்தியாசம் வழக்கத்தைவிட அதிகமாக இருந்தால் தண்ணீர் குறைவு. இன்ஜின் கொதித்தும் வித்தியாசம் குறைவாகவே இருந்தால், சூடு தண்ணீருக்கு மாறவில்லை. அதாவது குழாயில் படிவு, இல்லையென்றால் கூலன்ட் சுற்றவில்லை. தெர்மோஸ்டாட்டைச் சந்தேகிக்க வேண்டிய இடம் இதுதான்.

குழாய்களை மரக்குச்சியால் தள்ளிச் சுத்தம் செய்யுங்கள், இரும்புக் கம்பி வேண்டாம். கழிவறை ஆசிட்டை ஊற்றுவதும் வேண்டாம். அலுமினியத்தை அரித்துவிடும், குழாய்ச் சுவரையும் மெலியவைக்கும். மற்ற உலோகம் அரிக்காமல் இருக்கத் தான் கரையும் ஜிங்க் தண்டு பாதி கரைந்ததும் மாற்றிவிடுங்கள். முறிந்து விழும் ஜிங்க் துண்டே குழாயை அடைக்கும். வெளியே எங்கும் ஒழுகாமல் கூலன்ட் குறைந்துகொண்டே போனால், குழாய் ஓட்டையாகி அது கடலுக்குப் போகிறதா என்று அழுத்தச் சோதனை செய்யுங்கள். இப்படிக் கூலன்ட் தீரும்போது இன்ஜினின் வெப்பமானி முள்ளை நம்ப முடியாது. சென்சார் திரவத்தில் மூழ்காமல் ஆவியில் நின்றால் முள் இறங்கிக் காட்டும், இன்ஜினோ எரிந்துகொண்டிருக்கும்.

கடலில் சூடேறினால் முதலில் சுமையை எடுத்து ஐடிலுக்குக் கொண்டு வாருங்கள். அப்போதும் முள் ஏறிக்கொண்டே இருந்தால், அல்லது வெளியே தண்ணீர் விழுவதே நின்றுவிட்டால், இன்ஜினை நிறுத்துங்கள். சூடான இன்ஜினின் கூலன்ட் மூடியைத் திறப்பது முகத்தைச் சுட்டுவிடும். பிளாக்கில் குளிர்ந்த தண்ணீர் ஊற்றினால் விரிசல் விழலாம். புகைக்குழாயில் தண்ணீர் கலக்கும் படகில், ஸ்டார்ட் ஆகாத இன்ஜினைத் திரும்பத் திரும்பச் சுற்ற நேர்ந்தால் கடல் வால்வை மூடிவிட்டுச் சுற்றுங்கள். இல்லாவிட்டால் புகைக்குழாய் நிறைந்து தண்ணீர் சிலிண்டருக்கே வந்துவிடும். இன்ஜின் பிடித்ததும் வால்வை உடனே திறக்க வேண்டும்.

தடைக்காலம் தொடங்கும்போது கடல் தண்ணீர் வழியை நல்ல தண்ணீரால் அலசிவிட்டு, இம்பெல்லரைக் கழற்றி வையுங்கள். உள்ளேயே விட்டால் அமுங்கிய இதழ்கள் இரண்டு மாதத்தில் அப்படியே வளைந்து நின்றுவிடலாம், பிறகு தண்ணீரைச் சரியாக இழுக்காது. கழற்றிய இம்பெல்லரை ஸ்டார்ட் சாவியோடு சேர்த்துக் கட்டிவிடுங்கள். அதைத் திரும்பப் போட மறந்து யாரும் இன்ஜினை ஓட்டிவிட மாட்டார்கள்.