டெல்ஃபினியம்: பூக்கும் முன்பே கவனிக்க வேண்டியவை

ஆளுயரத்துக்கு நீலப் பூக்கதிர் விட்டு நிற்கும் டெல்ஃபினியத்தை ஜூன் மாதத்தில் தோட்டக்கடையில் பார்த்து ஆசையோடு வாங்கிச் செல்பவர்களில் பலர், அடுத்த ஆண்டு அதே இடத்தில் வெறும் மண்ணைத்தான் பார்க்கிறார்கள். இங்கிலாந்தில் வீட்டுத் தோட்டங்களைப் பராமரிக்கும் தொழிலில் இருக்கும் என்னிடம், செடி குளிரில் பட்டுப்போய்விட்டது என்றே அவர்கள் பெரும்பாலும் சொல்வார்கள். ஆனால் குளிர் இந்தச் செடியைக் கொல்வது அரிது. இன்றைய உயரமான தோட்ட வகைகளின் மூதாதையான டெல்ஃபினியம் எலாட்டம் ஐரோப்பாவிலிருந்து சைபீரியா வரை இயற்கையாக வளரும் செடி. உறைபனியைத் தாங்குவது அதன் இயல்பு. குளிர்காலத்தில் தூரில் தேங்கும் ஈரமும், குளிர் விலகும்போது மண்ணுக்குள்ளேயே குருத்தைத் தின்றுவிடும் ஓடில்லா நத்தைகளும்தான் பெரும்பாலான செடிகளை அழிக்கின்றன.

ஆகவே, நடும் இடத்தைத் தேர்ந்தெடுக்கும்போது வெயிலோடு வடிகாலையும் பார்க்க வேண்டும். லண்டனைச் சுற்றியுள்ள கனத்த களிமண்ணில் குழி தோண்டி அப்படியே நட்டால், அந்தக் குழியே மழைநீர் தேங்கும் தொட்டியாகிவிடும். மக்கிய உரத்தையும் சிறு சரளையையும் பரவலாகக் கலந்து, சுற்றியுள்ள தரையைவிடச் சற்று மேடாக்கி நடுவது நல்லது. மூடாக்கு போடும்போது தூரை மூடாமல் ஒரு சாண் தள்ளிப் போட வேண்டும். இலையுதிர் காலத்தில் காய்ந்த தண்டுகளை முக்கால் அடி விட்டு வெட்டுகிறவர்கள் உண்டு. முதிர்ந்த தண்டின் உள்ளே துளை இருப்பதால், அப்படி நிற்கும் ஒவ்வொரு கட்டையும் மழைநீரை நேரே தூருக்குள் இறக்கும் குழாயாகி, தூர் அழுகலுக்கு வழி செய்கிறது. தரையோடு ஒட்ட வெட்டிவிட்டால் அந்தத் தொல்லை இல்லை.

பிப்ரவரியில் தூரின் மேல்மண்ணை விரலால் மெல்ல விலக்கிப் பாருங்கள். நல்ல முளை செந்நிறம் கலந்த பச்சையாக, கூராக, கெட்டியாக இருக்கும். நத்தை கடித்த முளை தட்டையாகக் குழிந்து, ஓரம் கறுத்து, பக்கத்தில் பிசுபிசுப்பான தடத்தோடு காணப்படும். அந்த நேரத்திலேயே கூர்மணலைத் தூரைச் சுற்றிக் கனமாகப் போடுவதும், இரவில் டார்ச் விளக்கோடு சென்று நத்தைகளைப் பொறுக்குவதும் பலன் தரும். மண்ணின் வெப்பம் 5 டிகிரி செல்சியஸைத் தாண்டிய பிறகு, நத்தைகளைத் தாக்கும் நூற்புழுக்களை நீரில் கலந்து ஊற்றலாம். மெட்டால்டிஹைடு கலந்த பழைய நத்தைக்கொல்லிக் குருணைகளை வெளிப்புறத்தில் பயன்படுத்துவது பிரிட்டனில் 2022 ஏப்ரல் முதல் தடைசெய்யப்பட்டுள்ளது; பறவைகளுக்கும் முள்ளெலிகளுக்கும் அது கேடு. கொட்டகையில் பழைய டப்பா கிடந்தால், குப்பைத்தொட்டியில் போடாமல் உள்ளாட்சியின் அபாயக் கழிவு சேகரிப்பில் ஒப்படையுங்கள். இரும்புப் பாஸ்பேட் குருணைகள் இப்போதும் கிடைக்கின்றன.

முளைகள் 7 முதல் 10 சென்டிமீட்டர் உயரம் வந்ததும், சிலவற்றை மட்டும் விட்டு மற்றவற்றைக் கலைத்துவிட வேண்டும். வாடிக்கையாளர்களைச் சம்மதிக்க வைக்க நான் மிகவும் பாடுபடுவது இந்த ஒரு வேலைக்குத்தான், ஏனெனில் உயிரோடு வரும் குருத்தைக் கிள்ள யாருக்கும் மனம் வருவதில்லை. இளஞ்செடியில் 2 அல்லது 3 தண்டுகளையும், நன்கு வேரூன்றிய செடியில் 5 முதல் 7 தண்டுகளையும் மட்டும் விட்டால்தான் கதிர் நீளும், காற்றோட்டம் கிடைக்கும், சாம்பல் நோயும் குறையும். நீக்கிய குருத்துகளை வீணாக்க வேண்டாம். தூரோடு ஒட்டி வெட்டும்போது அடிப்பகுதி துளையின்றிக் கெட்டியாக இருந்தால், ஈர மணலில் ஊன்றி வேர்பிடிக்க வைக்கலாம். துளை விழுந்துவிட்ட குருத்து பெரும்பாலும் அழுகிப்போகும். 1901-இல் தொடங்கிய பிளாக்மோர் அண்ட் லாங்டன் போன்ற நாற்றுப்பண்ணைகள் விற்கும் பெயரிட்ட வகைகள் விதையிலிருந்து தாயைப்போல வருவதில்லை என்பதால், அவற்றைப் பெருக்க இந்தக் குருத்துகளே நம்பகமான வழி. கலிஃபோர்னியாவில் ஃபிராங்க் ரைனெல்ட் உருவாக்கிய பசிபிக் ஜயன்ட் வகைகளின் கதை வேறு. விதையிலிருந்து எளிதாக வளர்ப்பதற்காகவே உருவாக்கப்பட்ட அவை, எத்தனை பராமரித்தாலும் சில ஆண்டுகளில் ஓய்ந்துவிடக்கூடியவை. அதற்காக உங்களை நீங்களே குறைசொல்லிக்கொள்ள வேண்டாம்.

செடி ஓரடி வளர்ந்ததுமே மூங்கில் குச்சிகளை நட்டு, தண்டைத் தளர்வாகக் கட்டுங்கள். கதிர் விட்ட பிறகு கட்டினால், மழையில் நனைந்து கனத்த கதிர் கட்டிய இடத்திலேயே முறிந்துவிடும். வறண்ட நாட்களில் இலை நனையாமல் வேரில் தண்ணீர் விட வேண்டும். இலையில் தார் தெளித்ததுபோல் கரும்புள்ளிகள் தோன்றினால் அது பாக்டீரியா நோய். மண்ணிலிருந்து தெறிக்கும் மழைநீர் அதைப் பரப்புவதால், அந்த இலைகளைப் பறித்து அகற்றிவிடுங்கள். முதல் பூ முடிந்ததும் வாடிய கதிரை நீக்கி உரமும் தண்ணீரும் கொடுத்தால், ஆகஸ்ட் கடைசியிலோ செப்டம்பரிலோ சிறிய அளவில் மறுபடியும் பூக்கும்.

இவ்வளவு வெட்டி எறியும் செடி என்பதால்தான் அதன் நஞ்சைப் பற்றியும் அழுத்தமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. டெல்ஃபினியத்தின் எல்லாப் பாகங்களும் நஞ்சு. இளங்குருத்திலும் விதையிலும் அது அதிகம். சித்த மருத்துவத்தில் நாபி என்று அறியப்படும் நச்சுச் செடியும் இதே குடும்பத்தைச் சேர்ந்ததுதான். டெல்ஃபினியத்தில் உள்ள மெத்தில்லைகாகோனிட்டின் போன்ற ஆல்கலாய்டுகள், நரம்பு தசைக்கு அனுப்பும் கட்டளையைத் தடுப்பதால், விலங்கு தளர்ந்து விழுந்து மூச்சுத் தசைகள் செயலிழந்து இறக்கலாம். அமெரிக்காவின் மேற்கு மாநில மேய்ச்சல் நிலங்களில் காட்டு டெல்ஃபினியங்களை மேய்ந்து மாடுகள் இறப்பது நெடுங்காலமாகப் பண்ணையாளர்களை வாட்டும் இழப்பு. வாடிக் காய்ந்த பிறகும் நஞ்சு முழுதாக நீங்குவதில்லை. ஆகவே, வெட்டிய தழையை வேலிக்கு அப்பால் குதிரையோ மாடோ மேயும் நிலத்தில் எறிவது கூடவே கூடாது. தோட்டக் கழிவுத் தொட்டியிலோ மூடிய உரக்குழியிலோ போடுங்கள்.

சாறு பட்டால் சிலருக்குத் தோல் அரிக்கும் என்பதால் கையுறை அணிந்து வேலை செய்யுங்கள். சிறு குழந்தைகள் விளையாடும் வீட்டில் காய் முற்றும் முன்பே கதிரை வெட்டிவிடுங்கள். யாராவது தின்றுவிட்டதாகத் தெரிந்தால், வாந்தி எடுக்க வைக்க முயலாமல் பிரிட்டனில் மருத்துவ ஆலோசனைக்கான 111 என்ற எண்ணை அழைத்துக் கேளுங்கள். மயக்கமோ மூச்சுத்திணறலோ இருந்தால் உடனே அவசர உதவி எண்ணான 999. மருத்துவமனைக்குப் போகும்போது, தின்ற செடியின் ஒரு துண்டை உறையில் போட்டுக் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.