பாடகர் காணாமல் போன பாட்டு: ஹெட்போனில் அறுந்தது எந்தக் கம்பி?

ஹெட்போனில் பாட்டு ஓடுகிறது. தபேலா கேட்கிறது, வயலின் கேட்கிறது, பாடுகிறவரின் குரல் மட்டும் கிணற்றுக்குள் போனதுபோல் மங்கிவிட்டது. ‘ஸ்பீக்கர் போச்சு’ என்று அதைக் குப்பையில் போட்டுவிட வேண்டாம். இரண்டு ஸ்பீக்கரும் உயிரோடு இருந்தால்தான் இப்படிக் கேட்கும். அறுந்திருப்பது கிரவுண்ட் கம்பி, அதாவது மின்சாரம் திரும்பிப் போகும் பொதுக் கம்பி.

மைக் இல்லாத ஹெட்போனில், போனுக்குள் செருகும் 3.5 மி.மீ. பின்னைப் பாருங்கள். இரண்டு கறுப்பு வரிகள் அதை மூன்று துண்டாகப் பிரிக்கும். நுனி இடது காதுக்கு, நடு வளையம் வலது காதுக்கு, அடிப்பகுதி இரண்டுக்கும் பொதுவான கிரவுண்ட். இடது கம்பியில் போகும் மின்சாரம் இடது ஸ்பீக்கருக்குள் இருக்கும் கம்பிச் சுருளான காயிலைச் சுற்றிவிட்டுக் கிரவுண்ட் வழியே திரும்ப வேண்டும். அந்த வழி அறுந்தால் அது வலது காயில் வழியாகத்தான் திரும்ப முடியும். அப்போது இரண்டு ஸ்பீக்கரிலும் ஒலிப்பது இடதுக்கும் வலதுக்கும் உள்ள வித்தியாசம் மட்டுமே. குரலை இரண்டு பக்கமும் சம அளவில் பதிவு செய்வது வழக்கம் என்பதால் அது கழிந்துபோகிறது. ஒரு பக்கமாக ஒதுக்கிப் பதிவு செய்த வாத்தியங்கள் மிஞ்சுகின்றன. மோனோவில் பதிவான பழைய படப் பாட்டைப் போட்டால் இரண்டு பக்கமும் ஒரே ஒலி, வித்தியாசம் பூஜ்யம். ஏறக்குறைய மௌனம்தான் கேட்கும்.

மைக் உள்ள ஹெட்செட்டில் ஒரு விதிவிலக்கு உண்டு. குரல் காணாமல் போய், மைக் பட்டனை அழுத்திப் பிடித்தால் மட்டும் திரும்ப வருகிறதா? அப்படியானால் எந்தக் கம்பியும் அறுகவில்லை. நான்கு துண்டுப் பின்னில் கிரவுண்டும் மைக்கும் எங்கே வர வேண்டும் என்பதில் இரண்டு விதமான ஏற்பாடுகள் இருக்கின்றன. உங்கள் போன் ஒரு விதம், ஹெட்செட் இன்னொரு விதம். இவற்றை இடம் மாற்றித் தரும் சிறிய அடாப்டர் போதும்.

ஒரு பக்கம் மட்டும் செத்திருந்தால் முதலில் வேறொரு போனில் செருகிப் பாருங்கள். போனின் துளைக்குள் சட்டைப்பைப் பஞ்சு அடைந்து பின் முழுதாக இறங்காமல் இருப்பது மிகச் சாதாரணம். மரப் பல்குச்சியால் எடுத்துவிடலாம், ஊசி வேண்டாம்.

அடுத்து மல்டிமீட்டர், மின்தடையை ஓம் கணக்கில் அளக்கும் கருவி. 200 ஓம் அளவில் வைத்து, மீட்டரின் இரண்டு முனைகளையும் ஒன்றோடொன்று தொட்டுப் பாருங்கள், 0.2 முதல் 0.5 வரை காட்டினால் அது மீட்டர் வயரின் சொந்தக் கணக்கு, கழித்துக்கொள்ளுங்கள். 32 ஓம் ஹெட்போன் என்றால் நுனிக்கும் அடிக்கும் நடுவே 30 சொச்சம் வர வேண்டும், வளையத்துக்கும் அடிக்கும் அதே அளவு. தொடும்போது அந்தந்தக் காதில் ‘கர்’ என்று மெல்லிய ஒலியும் வரும். இடது அளவு வந்து வலது வராவிட்டால் வலது பக்கம் மட்டும் அறுந்திருக்கிறது. இரண்டுமே வரவில்லை, ஆனால் நுனிக்கும் வளையத்துக்கும் நடுவே 60 சொச்சம் வருகிறது என்றால் இரண்டு காயிலும் நலம், கிரவுண்ட் போய்விட்டது. பூஜ்யத்தை ஒட்டி வந்தால் எங்கோ இரண்டு கம்பிகள் உரசிக்கொண்டிருக்கின்றன. ஸ்பீக்கரைத் திறக்காமலே இத்தனையும் தெரிந்துவிடுகிறது. (உள்ளே பேட்டரியும் ஆம்ப்ளிஃபையரும் உள்ள ஹெட்போன்களுக்கு இந்தக் கணக்கு செல்லாது.)

அறுந்த இடம் பெரும்பாலும் பின்னை ஒட்டிய முதல் இரண்டு மூன்று சென்டிமீட்டருக்குள் இருக்கும். கம்பியை முன்னும் பின்னும் மடக்கி மடக்கி முறிப்போமே, அதே சங்கதிதான். விறைப்பான பின்னும் வளையும் வயரும் சேரும் இடத்தில் மொத்த வளைவும் குவிகிறது. மடங்க மடங்கச் செம்பு இறுகி, இழை இழையாக அறுகிறது. கடைசி இழை அறுந்த பிறகும் முனைகள் தொட்டுத் தொட்டு விலகுவதால்தான் முழுதாகச் சாவதற்கு முன் சில வாரம் கரகரக்கிறது. பாட்டை ஓடவிட்டு, வயரை விரல் அகலம் அகலமாக வளைத்துக்கொண்டே போங்கள். ஒலி வந்து போகும் இடம்தான் முறிவு. பின்னுக்கு அருகில் இல்லையென்றால் வயர் இரண்டாகப் பிரியும் கவட்டையிலும் காதுக் கிண்ணத்துக்குள் நுழையும் இடத்திலும் பாருங்கள்.

இடம் தெரிந்ததும் பலரும் செய்வது வயரைச் சீவி, முறுக்கி, டேப் ஒட்டுவது. அது வேலை செய்யாது. உள்ளே இருக்கும் சிவப்பு, பச்சை இழைகள் பெரும்பாலும் வெறும் செம்பு அல்ல. நிறமே ஒரு வார்னிஷ் பூச்சு, அதுதான் இன்சுலேஷன். எவ்வளவு இறுக்கி முறுக்கினாலும் பூச்சும் பூச்சும்தான் தொட்டுக்கொள்ளும், செம்பு தொடாது. பூச்சில்லாததுபோல் தெரியும் செம்பு நிறக் கம்பியிலும் பெரும்பாலும் நிறமற்ற வார்னிஷ் இருக்கும்.

பழைய பின்னோடு சேர்த்து, முறிவுக்கு அப்பால் காதுப் பக்கமாக 2 செ.மீ. தள்ளி வெட்டி, மேலுறையை 15 மி.மீ. சீவுங்கள். வழக்கமாகச் சிவப்பு வலது, பச்சை அல்லது நீலம் இடது, செம்பு நிறம் கிரவுண்ட். வழக்கம்தான், சட்டமில்லை; மீட்டர் சொல்வதே முடிவு. இழைகளோடு கலந்திருக்கும் நூல்தான் வயருக்கு இழுவிசை தாங்கும் வலு. அதை வெட்டி எறியாமல் ஒதுக்கி வையுங்கள்.

25 வாட் சால்டரிங் அயர்ன் போதும். அயர்னின் முனையில் புது ஈயத்தை ஒரு சொட்டு உருக்கி நிறுத்தி, இழைகளின் கடைசி 3, 4 மி.மீ. அளவை அந்தச் சொட்டுக்குள் சில விநாடி பிடியுங்கள். லேசாகப் புகையும்; அது வார்னிஷ் எரியும் புகை, ஜன்னலைத் திறந்து வையுங்கள். செம்பு நிறம் மறைந்து வெள்ளி நிறமானால் ஈயம் பிடித்துவிட்டது. ஈயம் முத்து முத்தாகத் திரண்டு விலகினால் பூச்சு இன்னும் இருக்கிறது. ஈயம் ஒட்ட உதவும் பசையான ஃப்ளக்ஸைக் கொஞ்சம் தொட்டு மறுபடி பிடியுங்கள். லைட்டரில் காட்டிச் சுடுவதும் உண்டு. செம்பு கருகி, பிறகு உப்புத்தாள் போட்டுத் தேய்க்கும்போது பாதி இழை அறுந்துபோகும். வேறு வழியில்லாதபோது மட்டும்.

புதுப் பின்னை இணைக்கும் முன் இந்த வெள்ளை முனைகளிலேயே மீட்டரை வைத்து மறுபடி அளந்துவிடுங்கள். அளவு வராவிட்டால் முறிவு இன்னும் மேலே இருக்கிறது. இப்போதே தெரிந்தால் ஒரு பின் மிச்சம்.

புதுப் பின் வாங்கும்போது கழற்றக்கூடிய உலோக மூடி உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். எலக்ட்ரானிக் கடைகள் நிறைந்த சென்னை ரிச்சி தெருவில் மட்டுமல்ல, ஊரில் ரேடியோ ரிப்பேர் கடையிலும் கிடைக்கும். சால்டர் செய்வதற்கு முன்பே மூடியையும், சூடு காட்டினால் சுருங்கி இறுகும் சுருங்கு குழாயையும் வயரில் கோத்துவிட வேண்டும். மூன்று கம்பியையும் அழகாகப் பற்றவைத்துவிட்டு, மேசையில் தனியாகக் கிடக்கும் மூடியைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொள்ளாதவர் இந்தத் தொழிலில் அபூர்வம்.

பின்னை ஏதாவது பழைய சாக்கெட்டில் செருகி வைத்துக்கொண்டு சால்டர் செய்யுங்கள். துண்டுகளைப் பிரிக்கும் பிளாஸ்டிக் சூட்டில் இளகினால் நுனி கோணிக்கொள்ளும். சாக்கெட் அதை நேராகப் பிடிப்பதோடு சூட்டையும் இழுத்துக்கொள்ளும். ஒரு முனைக்கு 2, 3 விநாடிக்கு மேல் அயர்ன் நிற்கக் கூடாது. கடைசியில் ஒதுக்கி வைத்த நூலைப் பின்னின் கவ்வியில் சுற்றி முடிந்து, கவ்வியை மேலுறையின் மீது இறுக்குங்கள். இழுக்கும் பாரம் நூலுக்கும் உறைக்கும் போக வேண்டும், ஈயத்துக்குப் போகக் கூடாது.

ஒரு பக்கம் அறுகவில்லை, சத்தம் மட்டும் குறைவு என்றால் வயரைத் தொட வேண்டாம். காதுக்குள் வைக்கும் இயர்போனில் வலையை அடைத்திருப்பது பெரும்பாலும் காதழுக்குதான். வலை கீழே பார்க்கும்படி பிடித்து உலர்ந்த பிரஷால் தட்டுங்கள். பிரஷில் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்டுக்கொள்ளலாம், மேலிருந்து ஊற்றினால் அழுக்கு உள்ளேதான் இறங்கும். பெரிய ஹெட்போனில் பேஸ் (தாழ்ந்த கனமான ஒலி) வரும்போது ‘டர்’ என்று அதிர்ந்தால் சவ்வின் மேல் தலைமுடி ஒன்று விழுந்திருக்க வாய்ப்பு அதிகம். அதை எடுக்க இரும்பு இடுக்கியைக் கிட்டே கொண்டுபோகாதீர்கள். உள்ளிருக்கும் காந்தம் வெடுக்கென்று இழுத்துச் சவ்வைக் கிழித்துவிடும். மடித்த டேப்பின் ஒட்டும் முனை போதும்.

காதுக் கிண்ணத்துக்குள் சால்டர் செய்தவர்கள் மட்டும் இன்னொன்று பார்க்க வேண்டும். ஒரு ஸ்பீக்கரில் இரண்டு கம்பியும் இடம் மாறியிருந்தால் மீட்டருக்குத் தெரியாது. எந்தப் பக்கம் அளந்தாலும் அதே 30 சொச்சம்தான். ஒரு சவ்வு முன்னே வரும்போது மற்றது பின்னே போகும். அந்தப் பழைய மோனோ பாட்டையே போடுங்கள். குரல் தலைக்கு நடுவில் ஒரு புள்ளியாக நின்றால் சரி. நடுவில் வெற்றிடமாகி, குரல் இரண்டு காதுக்கும் வெளியே சிதறியதுபோல் இருந்தால், ஒரு பக்கத்துக் கம்பிகளை மட்டும் மாற்றிப் பற்றவைத்துவிட்டு மூடுங்கள்.